நாலு மணிக்கே இருட்டும் நாட்கள்: முதல் குளிர்காலத்தைக் கடக்க ஒரு வழிகாட்டி

வெயில் ஊரிலிருந்து குளிர் நாட்டுக்கு வந்தவர்களுக்குக் குளிரின் புதுமை இரண்டு மூன்று வாரம் இருக்கும். புதுக் கோட்டு, கையுறை, வாயைத் திறந்தால் வரும் புகை எல்லாமே வேடிக்கையாக இருக்கும். அதற்கப்புறம்தான் ஒரு சோர்வு மெல்லத் தொடங்கும். அலாரம் அடித்து ஓய்ந்த பிறகும் எழ முடியாது. எழுந்தாலும் தோளில் ஈரச் சாக்கைப் போட்ட மாதிரி ஒரு கனம். போன் அடித்தால் எடுக்கத் தோன்றாது. பிடித்த வேலையில்கூட மனசு ஒட்டாது. மதியம் மூன்று மணிக்கு ஜன்னலைப் பார்த்தால் பொழுது சாயத் தொடங்கியிருக்கும். இன்றைக்கும் ஒன்றும் செய்யவில்லையே என்ற குற்றவுணர்வு அப்போது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என் முதல் குளிர்காலத்தில் இதற்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். முதலில் 'வீட்டு ஞாபகம்' என்றேன். பிறகு 'சோம்பேறித்தனம்' என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தேன். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. காரணமே இல்லாமல் மனசு லேசானது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது: அத்தனை நாள் குறைந்திருந்தது என் குணம் இல்லை, வெளிச்சம்.

முதல் அல்லது இரண்டாவது குளிர்காலத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'மனசு சரியானதும் செய்யலாம்' என்று எதையும் தள்ளிவைக்காதீர்கள். இந்தச் சோர்வில் வரிசை தலைகீழ். முதலில் கண்ணுக்கு வெளிச்சம், அடுத்து காலுக்கு நடை. மனசு கடைசியாகத்தான் வந்து சேரும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 10 டிகிரி அட்சரேகையில், ஆண்டின் மிகச் சிறிய பகல்கூட பதினொன்றரை மணி நேரம் இருக்கும். 50 டிகிரியில் அதே நாளில் பகல் 8 மணி நேரம்தான். 60 டிகிரிக்குப் போனால் சுமார் 6 மணி நேரம். வெயில் ஊரில் வளர்ந்த உடம்புக்கு இது சாதாரண மாற்றம் இல்லை.

நம் கண்ணில் உருவங்களைப் பார்க்கும் செல்கள் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் கவனித்து மூளையின் கடிகாரத்துக்குத் தகவல் அனுப்பும் செல்களும் இருக்கின்றன. காலையில் பலமான வெளிச்சம் பட்டால், 'பொழுது விடிந்தது, தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோனை நிறுத்து' என்று செய்தி போகும். அந்த வெளிச்சம் கிடைக்காவிட்டால் கடிகாரம் பின்தங்கும். வெளியே எட்டு மணி ஆகியிருக்கும், உடம்புக்குள் இன்னும் நடுராத்திரி ஓடிக்கொண்டிருக்கும். மனநிலையோடும் பசியோடும் தொடர்புள்ள செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளும் இதில் சம்பந்தப்படுகிறது.

1984-இல் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதைப் பருவகால மனச்சோர்வு என்று ஆய்விதழில் விவரித்தார்கள். ரோசந்தால் தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர். அங்கே குளிர்காலத்தில் தனக்கே சுறுசுறுப்பு குறைந்து, வசந்தத்தில் திரும்பி வந்ததைக் கவனித்தவர். வெயில் ஊரிலிருந்து வந்த ஒரு புதியவரின் கண்ணில்தான் இது பளிச்சென்று பட்டது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

(இங்கே நான் சொல்லும் மாதங்கள் வடக்கு அரைக்கோளத்துக்கு. தெற்கே இருப்பவர்களுக்குக் குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஆறு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள்.)

முதல் படி: எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்

லேசான மந்தமும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. கொஞ்சம் அசதி, கொஞ்சம் கூடுதல் தூக்கம், ஆனால் வேலை நடக்கிறது, சிரிப்பு வருகிறது என்றால், கீழே சொல்லும் காலை வெளிச்சமும் நடையுமே பெரும்பாலும் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், நாள் முழுக்க மனசு இருண்டு கிடக்கிறதா? எதிலுமே ஆசை இல்லையா? வேலைக்கோ வகுப்புக்கோ போக முடியவில்லையா? அப்படியானால் டாக்டரைப் பாருங்கள். வசந்தம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குளிர்கால மனச்சோர்வில் தூக்கமும் பசியும் குறைவதைவிடக் கூடுவதுதான் அதிகம். பத்து மணி நேரம் தூங்கியும் களைப்பு, மாவுப்பண்டமும் இனிப்பும் வேண்டுமென்று ஓயாத ஆசை, எடை ஏறுவது. 'நன்றாகத்தானே சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், எனக்கென்ன மனச்சோர்வு' என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

டாக்டரிடம் போனால் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு எல்லாமே இதே முகத்தோடு வரும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பி12-ஐ அவசியம் பார்க்க வேண்டும்.

செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்தால், அது வெறும் எண்ணமாக இருந்தாலும், அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் அவசர எண்ணையும், மனநல உதவி எண்ணையும் இதைப் படிக்கும் இப்போதே போனில் சேமித்துவிடுங்கள். தேவைப்படும் ராத்திரியில் தேடி எடுக்கும் தெம்பு இருக்காது.

இரண்டாவது படி: காலை வெளிச்சத்தைப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளக்கிறார்கள். ஒரு மப்பான காலையில் பத்து மணிக்குக் கைபேசியில் அளக்கும் செயலியை இறக்கிப் பார்த்தேன். என் மேசையில், விளக்கு எரியும்போதே, 200-ஐத் தொடவில்லை. ஜன்னலை ஒட்டிப் போய் நின்றால் 1,000-ஐ நெருங்கியது. கதவைத் திறந்து வாசலுக்குப் போனதும் 5,000-ஐத் தாண்டியது. சூரியன் இருக்கும் திசையே தெரியவில்லை, வானம் முழுக்கச் சாம்பல் நிறம். அப்படியும் வெளியே இருபத்தைந்து மடங்கு வெளிச்சம்! கைபேசி அளவு துல்லியமானது இல்லைதான், ஆனால் இந்த வித்தியாசத்தைக் காட்ட அது போதும். நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால், அறைக்குள்ளும் வெளிச்சமாகத்தான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

அதனால் 'இன்றைக்கு வெயிலே இல்லை, வெளியே போய் என்ன பயன்' என்ற பேச்சை விட்டுவிடுங்கள். மப்பான நாளில்தான் வெளியே போவது இன்னும் அவசியம்.

பொழுது விடிந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள் குறைந்தது இருபது, முப்பது நிமிடம் வெளியே இருங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, வானத்துக்கு அடியில் இருந்தாலே போதும். மப்பான காலையில் குளிர்க்கண்ணாடி வேண்டாம். பனி மேல் வெயில் பட்டுக் கண் கூசினால் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கலாம். விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும் என்றால், முதல் இடைவேளையில் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் கால் மணி நேரம்.

இதில் பெரும்பாலும் தோற்பது எங்கே தெரியுமா? கதவுக்கு இந்தப் பக்கம்தான். கோட்டைத் தேட வேண்டும், காலுறையில் ஒன்று காணோம், மஃப்ளர் துவைக்கப் போட்டிருக்கிறது. சோர்ந்த மனசுக்கு இந்த மூன்று தடையே போதும், திரும்பப் படுத்துவிடும். அதனால் ராத்திரியே ஒரு நாற்காலியில் எல்லாவற்றையும் போடும் வரிசையில் அடுக்கி வைப்பேன். அடியில் கோட்டு, அதன் மேல் ஸ்வெட்டர், உச்சியில் காலுறை. கையுறை கோட்டுப் பைக்குள். பூட்ஸ் கதவைப் பார்த்தபடி. காலையில் யோசிக்க ஒன்றுமே இருக்காது, கை தானாக எடுக்கும். நல்ல பூட்ஸுக்கும் காற்றுப் புகாத கோட்டுக்கும் செலவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பாதம் நனைந்தால் நடை அன்றோடு நின்றுபோகும்.

அப்புறம், வீட்டுக்குள்ளும் கொஞ்சம் மாற்றலாம். எழுந்ததும் திரைச்சீலையை முழுக்கத் திறந்துவிடுங்கள். மேசையை ஜன்னலுக்கு ஒரு கை தூரத்துக்குள் நகர்த்துங்கள். வாடகை அறையில் ஜன்னலுக்குக் கிடைக்கும் இடம் கட்டிலுக்குப் போகிறதா மேசைக்குப் போகிறதா என்பது குளிர்காலத்தில் பெரிய விஷயம். மேசைக்கே கொடுங்கள்.

மூன்றாவது படி: ஒளிச் சிகிச்சை விளக்கு

வெளியே போவது போதவில்லை, அல்லது பகல் உங்களுக்குக் கிடைப்பதே இல்லை என்றால் இது உதவும். லைட் பாக்ஸ், லைட் தெரபி லாம்ப் என்ற பெயர்களில் விற்கிறார்கள். சாதாரண வீட்டு வெளிச்சம் மனித உடம்பில் மெலடோனினைப் போதுமான அளவு அடக்குவதில்லை, 2,500 லக்ஸ் போன்ற பலமான வெளிச்சம் அடக்குகிறது என்று 1980-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அதிலிருந்துதான் இந்தச் சிகிச்சை பிறந்தது. ஆரம்பத்தில் 2,500 லக்ஸ் முன் மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். இப்போது வழக்கம் 10,000 லக்ஸ், சுமார் 30 நிமிடம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது தூரம். '10,000 லக்ஸ்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்பது உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். விளக்கிலிருந்து தள்ளிப் போகப் போக வெளிச்சம் வேகமாகக் குறையும். உள்ளங்கை அகல விளக்குகள் பலவற்றில், முகத்தை ஒட்டி வைத்தால்தான் அந்த அளவு கிடைக்கும். 30 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள தூரத்தில் 10,000 லக்ஸ் தரும் பெரிய முகப்புள்ள விளக்காகப் பாருங்கள். புற ஊதாக் கதிரை வடிகட்டியது என்று எழுதியிருக்க வேண்டும். தோலைக் கருக்க வைக்கும் டானிங் படுக்கை இதற்கு மாற்று இல்லை. அது புற ஊதாக் கதிர், தோலையும் கண்ணையும் கெடுக்கும்.

பயன்படுத்துவது எளிது. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். கண் திறந்திருக்க வேண்டும், ஆனால் விளக்கையே பார்க்க வேண்டாம். சாப்பிடலாம், படிக்கலாம், மின்னஞ்சல் பார்க்கலாம். தினமும், விடுமுறை நாளிலும். சிலருக்குச் சில நாட்களிலேயே பலன் தெரியும், பலருக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூன்று நாள் பார்த்துவிட்டு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று பரணில் போட்டுவிடாதீர்கள். தலைவலியோ கண் எரிச்சலோ படபடப்போ வந்தால் நேரத்தைக் குறையுங்கள், அல்லது விளக்கைத் தள்ளி வையுங்கள். சாயங்காலத்துக்கு மேல் போட்டால் ராத்திரித் தூக்கம் போகும்.

யாரெல்லாம் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்? இருதுருவ மனநோய், அதாவது பைபோலார் இருப்பவர்கள், அல்லது குடும்பத்தில் யாருக்காவது இருப்பவர்கள். இவர்களுக்குப் பலமான வெளிச்சம் மனநிலையை எதிர்ப் பக்கத்துக்குத் தள்ளிவிடலாம். தூக்கமே வேண்டாம் என்ற அளவுக்கு ஓயாத பரபரப்பு, அளவு மீறிய உற்சாகம். விழித்திரை நோய் உள்ளவர்களும், வெளிச்சத்துக்குத் தோலும் கண்ணும் கூசும் மருந்துகள் சாப்பிடுபவர்களும் அப்படியே. இதை வெறும் எச்சரிக்கை வாசகமாகக் கடந்து போக வேண்டாம்.

இரவுப் பணியில் இருப்பவர்களுக்குக் 'காலை' என்பது அவர்கள் எழும் நேரம். ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்தால் விளக்கைத் தோன்றிய நேரத்தில் போடாமல், தூக்கம் பற்றித் தெரிந்த மருத்துவரிடம் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது படி: எழும் நேரத்தைக் கட்டிப்போடுங்கள்

படுக்கும் நேரம் நம் கையில் இல்லை, எழும் நேரம் இருக்கிறது. வாரத்தின் ஏழு நாளும் ஒரே நேரத்துக்கு எழுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை தூங்கினால் எட்டு மணி நேரப் பகலில் பாதி போர்வைக்குள்ளேயே முடிந்துவிடும். பகல் தூக்கம் தவிர்க்க முடியாவிட்டால் மூன்று மணிக்கு முன், இருபது நிமிடம். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம், குடித்து ஐந்தாறு மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் நிற்கும். தூக்கத்துக்காக மது குடிப்பது இன்னும் மோசம். சீக்கிரம் தூங்க வைத்து, நடுராத்திரியில் எழுப்பி, மறுநாள் மனசை இன்னும் கீழே இறக்கும்.

ஐந்தாவது படி: ஆட்களை விட்டு விலகாதீர்கள்

இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது, அதனால் நடந்ததையே சொல்கிறேன்.

ஒரு ஜனவரியில் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா இருந்தார், அங்கே பல குளிர்காலம் பார்த்தவர். ஒரு நாள் அவரிடமிருந்து போன்.

"தம்பி, கீழ நிக்கிறேன். பத்து நிமிஷம் இறங்கி வா."

"இல்லக்கா, பேசுற மூடு இல்ல."

"பேச வேணாம். சும்மா என்கூட நட. பத்தாவது நிமிஷம் நானே வீட்டுல கொண்டு வந்து விட்டுடுறேன்."

பேசாமலேதான் நடந்தோம். கடைசித் திருப்பத்தில் நானாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். மறுநாளும் அதே நேரத்துக்குக் கீழே வந்து நின்றார். மார்ச் வரை இது தொடர்ந்தது.

இதில் நான் கற்றுக்கொண்டதை அப்படியே தருகிறேன். முதலாவது, வேலையைச் சின்னதாக்குங்கள். 'உடற்பயிற்சி செய்வேன்' என்று இல்லை, 'பத்து நிமிடம் தெருமுனை வரை'. இரண்டாவது, நாளையும் நேரத்தையும் குறித்துவிடுங்கள், இன்னொருவரையும் அதில் சேர்த்துவிடுங்கள். மனசைக் கேட்டால் 'வேண்டாம்' என்றுதான் சொல்லும். கீழே ஒருவர் நின்றுகொண்டிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. மனநல மருத்துவத்தில் இதற்கு ஒரு முறையே இருக்கிறது. ஊக்கம் வரக் காத்திராமல், திட்டமிட்ட சின்னச் செயல்களை முதலில் செய்ய வைப்பார்கள். பருவகால மனச்சோர்வுக்கென்றே வகுத்த, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுச் சிகிச்சையில் இது ஒரு முக்கியப் பகுதி. ஒரு குழுவுக்கு அந்தச் சிகிச்சையும் இன்னொரு குழுவுக்கு ஒளிச் சிகிச்சையும் கொடுத்து, இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்த ஆய்வில், பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களிடம்தான் சோர்வு திரும்பி வந்தது குறைவு. விளக்கை அணைத்தால் அதன் பலன் நின்றுவிடும், கற்றுக்கொண்ட பழக்கம் அடுத்த ஆண்டும் கையில் இருக்கும்.

வீட்டுக்குப் பேசும்போது 'நல்லா இருக்கேன்' என்று மட்டும் சொல்லி வைக்காதீர்கள். அம்மா கவலைப்படுவார் என்று தோன்றினால், வீட்டில் யாராவது ஒருவரிடமாவது உள்ளதைச் சொல்லி வையுங்கள்.

சாப்பாடு, வைட்டமின் டி

இனிப்பின் மேல் வரும் ஆசை உங்கள் பலவீனம் இல்லை, அது இந்தச் சோர்வின் ஓர் அடையாளம். ஒழித்துக்கட்டப் பார்க்காமல், மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் தானாகக் கொஞ்சம் அடங்கும்.

உயர்ந்த அட்சரேகைகளில் குளிர்கால வெயில் தோலில் வைட்டமின் டி உண்டாக்கப் போதாது. கருத்த தோலுக்கு வெயில் இன்னும் அதிக நேரம் தேவை. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும், ஒளிச் சிகிச்சை விளக்கும் வைட்டமின் டி தராது. பரிசோதித்துக் குறைவு என்று தெரிந்தால் டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரை எடுங்கள், எலும்புக்கும் தசைக்கும் அது வேண்டும். ஆனால் மனச்சோர்வை அது மட்டுமே போக்கிவிடும் என்று நம்பி மற்றதை விட்டுவிட வேண்டாம்.

மருந்து பற்றி ஒரு வார்த்தை

சிலருக்கு மேலே சொன்ன எல்லாம் செய்தும் போதாது. அப்போது மருந்து எடுப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அமெரிக்காவில் 2006-இல், பருவகால மனச்சோர்வு வராமல் தடுக்கவென்றே புப்ரோபியான் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். இலையுதிர் காலத்திலேயே தொடங்கி வசந்தத்தில் குறைப்பது அதன் முறை. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தெரிந்தவர் கொடுத்த மாத்திரையைப் போடாதீர்கள், கொஞ்சம் தெளிந்ததும் நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள்.

ஜனவரியைக் குறித்து வையுங்கள், அடுத்த ஆண்டுக்கும்

டிசம்பர் 21-ஐ ஒட்டி ஆண்டின் மிகச் சிறிய பகல் வரும். அது கடந்தால் காலையில் சீக்கிரம் விடியும் என்று நினைத்து ஏமாந்திருக்கிறேன். மாலை வெளிச்சம்தான் முதலில் திரும்பும். காலை இருட்டு டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரம் வரைகூட இன்னும் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும். அந்த வாரங்களில் சோர்வு அழுத்தினால் நீங்கள் எதையோ தப்பாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. விளக்கையும் நடையையும் நிறுத்திவிடாதீர்கள்.

தினமும் ராத்திரி காலண்டரில் அன்றைய மனநிலைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் போடுங்கள், பக்கத்தில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்றும். டாக்டரிடம் காட்ட இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. வசந்தம் வந்ததும் அதைப் புரட்டினால் உங்களுக்கு இறக்கம் எந்த வாரத்தில் தொடங்கியது என்று தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு அதற்கு இரண்டு வாரம் முன்பே வேலையை ஆரம்பிக்கலாம். விழுந்த பிறகு எழுப்புவதைவிட இது எவ்வளவோ சுலபம்.

ஏப்ரலில் விளக்கை அட்டைப்பெட்டிக்குள் வைக்கும்போது மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன். 'செப்டம்பர் கடைசி வாரம் வெளியே எடு. பூட்ஸ் அடிப்பாகம் தேய்ந்ததா பார். அக்காவிடம் நடை எத்தனை மணிக்கு என்று கேள்.'